யாருக்கு அனுமதி இல்லை?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கிளை வைத்திருக்கும் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சர்வர் படுத்துவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் ஒரே குரலில் "மேடம், ஒர்க் ஆகலை" என்பார்கள். வேலைக்கு வந்த புதிதில் அந்த வரியைக் கேட்டதும் போனும் கையுமாக எழுந்து ஓடுவேன். இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டேன். கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொண்டு, "என்ன மெசேஜ் வருது, அப்படியே படிங்க" என்று மட்டும் சொல்வேன்.

படித்தால் காரணம் தெரிந்துவிடும் என்று பொருளில்லை. "இது தவறாக இருக்கலாம், அல்லது அது தவறாக இருக்கலாம், அல்லது வேறு ஏதாவது பிழையாக இருக்கலாம்" என்று ஒரே வரியில் சொல்லும் மெசேஜ் ஒன்று உண்டு. முதல்முறை அதைப் பார்த்தபோது சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

முன்பெல்லாம் எந்தக் கிளையில் ஸ்கேன் எடுத்தார்களோ அந்தக் கிளையின் சர்வரிலேயே படம் கிடக்கும். விழுப்புரத்தில் எடுத்தவர் பின்னால் திண்டிவனத்துக்குப் போனால் பழைய படத்தை சிடியில் கொண்டுபோக வேண்டும். பாதிப் பேர் சிடியைத் தொலைத்திருப்பார்கள். மீதிப் பேரின் சிடி கீறல் விழுந்து கிடக்கும். அதனால் பொதுவாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்கி விழுப்புரத்தில் ஏசி அறையில் வைத்தோம். எந்தக் கிளையில் எடுத்த படமும் அந்தப் பெட்டிக்குள் போய்விடும். இரண்டு ஊர் சர்வர்களும் அதில் இணைந்திருக்கும். யார் எங்கே கேட்டாலும் படம் வரும். சில மாதங்கள் அப்படித்தான் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை திண்டிவனத்திலிருந்து டெக்னீஷியன் கூப்பிட்டார். ஸ்கேன் எடுப்பவர், என் வயதுதான் இருக்கும், அவசரப்படாத மனிதர்.

"மேடம், பழைய படம் ஒண்ணுமே வரமாட்டேங்குது. புதுசா எடுக்கிறது எடுக்குது. பழசைக் கேட்டா மட்டும் சுத்திக்கினே இருக்கு."

திண்டிவனம் சர்வரை விழுப்புரத்திலிருந்தே திறந்து பார்த்தேன். பெட்டியோடு இருந்த இணைப்பு அறுந்திருந்தது. மறுபடி இணைக்கச் சொல்லி உத்தரவு கொடுத்தேன். கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல நின்றுவிட்டு, ஆக்சஸ் டினைடு என்றது. அனுமதி மறுக்கப்பட்டது.

பெட்டிக்குள் ஒரு பட்டியல் உண்டு. எந்தெந்த சர்வர்களை உள்ளே விடலாம் என்று அவற்றின் முகவரி எண்களை அதில் எழுதி வைத்திருப்போம். போய்ப் பார்த்தேன். திண்டிவனத்தின் எண் இருந்தது. ஒவ்வோர் இலக்கமாக விரலை வைத்துச் சரிபார்த்தேன். அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அனுமதி மறுக்கப்பட்டது. பெட்டியை அணைத்து மறுபடி போட்டேன். அனுமதி மறுக்கப்பட்டது. விழுப்புரம் சர்வர் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல அதே பெட்டியில் இணைந்து உட்கார்ந்திருந்தது.

அதற்குள் டாக்டரம்மா போன் செய்தார். படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர் அவர். அன்று திண்டிவனத்தில் இருந்தார்.

"எப்பம்மா சரியாகும்?"

"பார்த்துக்கிட்டே இருக்கேன் டாக்டர்."

"என்ன பிரச்சினை?"

"கனெக்ட் ஆகலை டாக்டர்."

அவர் போனை வைத்துவிட்டார். நான் சொன்னதில் ஒன்றும் இல்லை.

நேரில் போய்ப் பார்ப்பதென்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். திண்டிவனம் போகிற வழியில் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்து, பெட்டியை விற்ற கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பாட்டு ஓடியது. மயிலம் கூட்ரோடு தாண்டும்வரை அதே பாட்டு ஓடியது. பிறகு ஒரு பையன் குரல் வந்து, கோரிக்கையைப் பதிவு செய்துகொண்டதாகவும் சீனியர் ஒருவர் திரும்பக் கூப்பிடுவார் என்றும் சொன்னது. தூங்கலாம் என்று தலையைச் சாய்த்தேன். பக்கத்தில் இருந்தவர் போனில் மல்லாட்டைக் கடலை விலையைச் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்ததில் தூக்கம் வரவில்லை.

திண்டிவனம் சென்டரில் நாற்காலி எல்லாம் நிரம்பியிருந்தது. கவுண்டரில் இருக்கும் பெண் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடுவதுபோலச் செய்தாள்.

"அக்கா, ஜல்தியா எதுனா பண்ணுங்க. ஆளாளுக்கு வந்து கேக்கறாங்க. சர்வர் டவுன், சர்வர் டவுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. பேஜாராப் போச்சு."

ஸ்கேன் அறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் சர்வர் இருந்தது. நான் உள்ளே போகும்போது வாசலோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஜவுளிக்கடைப் பையை மார்போடு அணைத்திருந்தாள். அவள் கணவன் எதிரே நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். டெக்னீஷியன் தாழ்ந்த குரலில் அவர்கள் கதையைச் சொன்னார். வானூர் பக்கம். அவன் கொத்தனார். போன வருடம் கோலியனூரில் ஒரு வீட்டு வேலையின்போது வலிப்பு வந்து விழுந்துவிட்டான். விழுப்புரத்தில் நம் சென்டரில்தான் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். இன்று அந்த மறுபரிசோதனை. புதுப்படம் எடுத்தாயிற்று. ஆனால் கட்டி வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று சொல்லப் பழைய படம் பக்கத்தில் வேண்டும். அது விழுப்புரத்துப் பெட்டியில் இருந்தது.

"காலையிலே முதல் ஆளா வந்தாங்க மேடம்," என்றார்.

அவளைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன். அவள் தலையாட்டினாள். நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

அப்போதுதான் உதவி மையத்து சீனியர் திரும்பக் கூப்பிட்டார். இரண்டு கையும் விசைப்பலகையில் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். சென்னைக் குரல், மிக மரியாதையான குரல். சர்வரின் பதிவேடான லாகை அனுப்புங்க என்றார். காலையிலேயே அனுப்பிவிட்டேன் என்றேன். பார்க்கிறேன் என்றார். கொஞ்ச நேரம் அவர் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது.

"மேடம், ஆக்சஸ் டினைடுன்னு வருதில்லையா? அப்படின்னா அவங்களுக்குப் பர்மிஷன் கொடுக்கலைன்னு அர்த்தம்."

"கொடுத்திருக்கேங்க. லிஸ்ட்ல இருக்கு."

"இல்ல மேடம். அவங்களுக்குப் பர்மிஷன் இருந்தா இப்படி வராது. ரிஜெக்ட் பண்ணிடுச்சு. நீங்க வேணா திரும்ப அப்ளை பண்ணிப் பாருங்க."

நன்றி சொல்லி வைத்தேன். அவர் எனக்குப் படித்துக் காட்டியது திரையில் இருந்த அதே வரிதான், கொஞ்சம் நீளமாக.

பெட்டி யாரையோ மறுக்கிறது. யாரை மறுக்கிறது என்று சொல்ல மாட்டேன் என்கிறது. அதைத் தெரிந்துகொள்ள வேறு வழி யோசித்தேன். விழுப்புரம் சர்வரில் யார் கதவைத் தட்டினாலும் அவர்களுடைய எண் பதிவாகும். திண்டிவனத்திலிருந்து அதைத் தட்டிப் பார்த்தேன். பதிவில் விழுந்த எண் திண்டிவனத்தின் எண் அல்ல. நான் ஒருநாளும் பார்த்திராத ஓர் எண்.

"சார், இங்க நெட் லைன்ல யாராவது கைவெச்சாங்களா?" என்றேன்.

டெக்னீஷியன் நினைவுபடுத்திப் பார்த்தார். "நேத்து ஞாயித்துக்கிழமை நெட்காரங்க வந்து பழைய டப்பாவைக் கழட்டிட்டுப் புது டப்பா மாட்டினாங்க மேடம். ஸ்பீடு ஏறும்னு சொன்னாங்க."

ரவுட்டர் என்கிற அந்தப் புது டப்பா, இங்கிருந்து போகும் எல்லாவற்றின்மேலும் தன் எண்ணையே ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. பெட்டிக்குத் திண்டிவனம் சர்வர் யாரோ அந்நியராகத் தெரிந்திருக்கிறது. அந்நியர் எண் இது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு அரைநாள் மிச்சம். புது எண்ணைப் பட்டியலில் சேர்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து உத்தரவு கொடுத்தேன்.

அனுமதி மறுக்கப்பட்டது.

நாற்காலியில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அப்போது கவுண்டர் பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, அந்த வானூர்க்காரங்க எழுந்து போயிட்டாங்க. புதுப் படத்தைக்கூட வாங்கலை. அந்தம்மா அழுதுக்கினே போச்சு."

"ஏன்? யாரு என்ன சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லலைக்கா. 'நமக்குப் பர்மிஷன் குடுக்கலையாம், ரிஜெக்ட் பண்ணிட்டாங்களாம், வா போலாம்'னு அவர் கையைப் பிடிச்சு இட்டுக்கினு போச்சு. காப்பீட்டு கார்டுல பேர் ஒரு எழுத்து மாறிக்குதுன்னு காத்தாலயே என்கிட்ட பயந்துக்கினு இருந்துச்சு. அதைத்தான் சொல்றாங்கன்னு நெனைச்சுக்கிச்சு போல."

வாசலோரம் அவள் நின்றிருந்தது, மேசைமேல் ஸ்பீக்கரில் அந்தக் குரல், அவங்களுக்குப் பர்மிஷன் கொடுக்கலை. எல்லாம் சேர்ந்து எனக்குப் புரிந்தது. டெக்னீஷியனும் என்னைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்தோம். ஸ்விட்ச் ஆஃப். வானூர்ப் பக்கம் போகிறவர்கள் பாண்டிச்சேரி பஸ்ஸுக்குத்தான் நிற்பார்கள். லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த வேலைக்கு நான் வந்தது கம்ப்யூட்டரோடு மட்டும் இருந்தால் போதும் என்றுதான். ஆளைத் தேடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் ஓடுவேன் என்று நினைத்ததில்லை.

பாண்டிச்சேரி பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் ஏறிப் பார்த்தேன். இல்லை. இறங்கி டீக்கடைப் பக்கம் வந்தால், நிழலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் பன்னை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் சாப்பிடவில்லை.

"ஏம்மா எழுந்து வந்துட்டீங்க?"

என்னை அடையாளம் தெரிந்ததும் அவள் எழுந்தாள். "இன்னா பண்ணச் சொல்றீங்க? பர்மிஷன் இல்லைன்னு போன்ல சொன்னாங்களே. என் காதால கேட்டேன். ரிஜெக்ட்டுன்னு வேற சொன்னாங்க. போன தடவை வேற எடத்துல இதே மாதிரிதான், காத்தாலேர்ந்து உக்கார வெச்சு, அப்பால கார்டு செல்லாதுன்னாங்க. திரும்பவும் எல்லார் எதிர்லயும் அதைக் கேக்கணுமா?"

"அது உங்களைச் சொல்லலைம்மா. கம்ப்யூட்டரைச் சொன்னாங்க."

"கம்ப்யூட்டருக்கு யாரு பர்மிஷன் குடுக்கணும்?"

"இன்னொரு கம்ப்யூட்டர்."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். மனம் நோகக் கூடாதென்று பொய் சொல்கிறேன் என்றே நினைத்திருப்பாள். நான் சொன்னது எனக்கே பொய்போலத்தான் கேட்டது.

"திரும்பிப் போலாம் விடு," என்றான் கணவன். "அவங்களே இவ்ளோ தூரம் வந்திருக்காங்க."

"நீ சும்மா இரு. காத்தாலேர்ந்து ஒண்ணும் துன்னாம உக்காந்துக்கினு இருந்தது நீதான்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் வலித்தது. உள்ளதை உள்ளபடியே சொல்வதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

"விழுப்புரத்துல எடுத்த உங்க வீட்டுக்காரர் படம் பத்திரமா இருக்கு. அங்கேர்ந்து இங்க அதை எடுக்கிற லைன்ல கோளாறு. உங்க கார்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கோளாறு எப்போ சரியாகும்னு எனக்கே தெரியலை. ஆனா அதுக்காக நீங்க காத்திருக்க வேணாம். அந்த ஒரு படத்தை மட்டும் தனியா எடுத்து இன்டர்நெட்ல அனுப்பச் சொல்லி விழுப்புரத்துக்கு இப்பவே போன் பண்றேன். ஒரு மணி நேரம் ஆகலாம், மேலயும் ஆகலாம். டாக்டரம்மா இன்னைக்கு இங்கதான் இருப்பாங்க."

அவள் பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "இதைக் காத்தாலயே சொல்லியிருந்தா நாங்க உக்காந்திருப்போமே," என்றாள்.

ஒற்றைப் படத்தை அப்படி வரவழைக்கலாம் என்று காலையிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இதோ அடுத்த முயற்சியில் இணைந்துவிடும், இதோ இந்த முறை என்று அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததில் தோன்றவில்லை. அவர்கள் எதிரிலேயே விழுப்புரத்துக்குப் போன் செய்து, யார் படம், எந்த வருடம் என்று அவளையே சொல்லச் சொன்னேன். அவள் போனை வாங்கிக் கணவன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். மறுமுனையில் "இருக்குதும்மா, கிடைச்சிடுச்சு" என்று கேட்டதும் அவள் தோள் இறங்கியது. மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் திரும்பினோம்.

படம் மெதுவாக வந்தது. பெரிய கோப்பு, குறைந்த வேகம். நடுவில் ஒருமுறை அறுந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அவ்வப்போது நான் வெளியே போய் அவர்களிடம் இப்போது எவ்வளவு வந்திருக்கிறது என்று சொன்னேன். "சரி மேடம்" என்பாள். கடைசியில் வந்து சேர்ந்தபோது டாக்டரம்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு இருவரையும் உள்ளே கூப்பிட்டார். சர்வர் அறையின் கதவு திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"வளரலை. போன வருஷம் எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு."

அவள் கேட்டாள், "அப்போ அது அங்கயேதான் இருக்குமாங்க?"

"இருக்கும்மா. மாத்திரையை விடாம இருந்தா போதும். இப்ப ஆபரேஷன் வேணாம்."

"வேலைக்குப் போலாமுங்களா?" இது அவன்.

"போகலாம். சாரம் ஏறக் கூடாது. உயரத்துல நிக்கற வேலையே கூடாது."

சாரம் ஏறாத கொத்தனாருக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. போகும்போது அவள் என் அறை வாசலில் நின்று "வர்றோம் மேடம்" என்றாள். அவன் அவளுக்குப் பின்னால் நின்று தலையை மட்டும் அசைத்தான்.

பிறகு நான் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். எண்ணைச் சேர்த்த பிறகும் பெட்டி மறுத்ததற்குக் காரணம், அந்தப் புது டப்பா எண்ணை மட்டும் மாற்றவில்லை, கோரிக்கை கிளம்பும் போர்ட் என்ற வாசலையும் மாற்றியிருந்தது. வழக்கமான வாசல் வழியாக வராதவர்களைப் பெட்டி உள்ளே விடாது. அதைத் தளர்த்துவதற்கு, செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு மூலையில், சின்னக் கட்டம் ஒன்று இருந்தது. டிக் போட்டேன். இணைந்தது. அப்பாடா என்று ஒரு படத்தைத் திறந்தால், பர்மிஷன் டினைடு. சனிக்கிழமை இரவு சென்டர் மூடிய பிறகு பெட்டிக்கு நாங்கள் ஏற்றிய புது அப்டேட், படக் கோப்புகளைத் திறக்க உரிமையுள்ள கணக்கு எது என்பதை மாற்றி வைத்திருந்தது. விழுப்புரத்தில் அதை அன்றே சரிசெய்திருந்தேன். திண்டிவனத்தின் பக்கம் விட்டுப்போயிருந்தது. மூன்று வெவ்வேறு கோளாறுகள். மூன்றுக்கும் பெட்டி சொன்னது ஏறக்குறைய ஒரே வார்த்தை.

எல்லாம் சரியானபோது ஹாலில் கூட்டம் கலைந்திருந்தது. டெக்னீஷியன் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

மறுநாள் உதவி மையத்திலிருந்து ஒரு மெயில். உங்கள் கோரிக்கை வெற்றிகரமாக முடிக்கப்பட்டது; எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? நட்சத்திரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு மூடினேன்.

அந்த வாரமே ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். பெட்டியோடு இணைப்பு போனால், திண்டிவனம் கவுண்டர் திரையிலும் ஹாலில் இருக்கும் டிவியிலும் தமிழில் ஒரு மெசேஜ் வரும். நான் முதலில் எழுதியது: "சேமிப்பகத்துடனான தொடர்பு துண்டிக்கப்பட்டுள்ளது." கவுண்டர் பெண்ணுக்கு அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அக்கா, துண்டிக்கப்பட்டுள்ளதுன்னா கரண்ட் பில் கட்டலைன்னு நெனைச்சுக்குவாங்கக்கா," என்று சிரித்தாள்.

இரண்டு பேரும் போனிலேயே மாற்றி மாற்றி எழுதினோம். கடைசியில் நின்றது இது: "உங்கள் பழைய படம் விழுப்புரத்தில் பத்திரமாக இருக்கிறது. அதை இங்கே கொண்டுவரும் லைன் இப்போது வேலை செய்யவில்லை. இதற்கும் உங்கள் கார்டுக்கும் சம்பந்தமில்லை. அவசரமாக வேண்டுமானால் கவுண்டரில் சொல்லுங்கள், தனியாக வரவழைத்துத் தருகிறோம்." பெட்டியின் மெசேஜை என்னால் மாற்ற முடியாது. அது இன்னமும் மறுக்கப்பட்டது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது, எனக்கு மட்டும்.

அடுத்த பரிசோதனைக்கு அந்த இருவரும் வந்தபோது நான் விழுப்புரத்தில் இருந்தேன். பழுதான டிஸ்க் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது டெக்னீஷியன் போன் செய்தார்.

"மேடம், அந்தக் கொத்தனார் வந்தாரு. பழைய படம் உடனே வந்திடுச்சு. கட்டி அப்படியேதான் இருக்காம். இப்போ பொம்மையார்பாளையத்துல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல வாட்ச்மேனா இருக்காராம். பிடிக்கவே இல்லைன்னாரு. சும்மா உக்காந்துக்கினு இருக்கிறதுதான் கஷ்டமா இருக்குன்னாரு."

"அந்தம்மா?"

"அந்தம்மாவும் வந்துச்சு. உங்களைக் கேட்டுச்சு."

"சரிங்க சார்," என்றேன். கையில் டிஸ்க் இன்னும் சூடாக இருந்தது.